ஒரு சொட்டுத் தோல்வி

சதுரங்க மன்றத்தில் தோற்றவரின் பாட்டிலிலிருந்து ஜெயித்தவரின் பாட்டிலுக்குத் தண்ணீர் தானாகப் போக ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே காலுக்கு. பாட்டில்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. ஒன்று பல் டாக்டருடையது, மற்றது பஸ் கண்டக்டருடையது. ஊரிலேயே பெரிய ஆட்டக்காரரான பல் டாக்டர், மன்றத்தில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத கண்டக்டரிடம் ஒரு யானையைக் கவனிக்காமல் விட்டுத் தோற்றுப்போனார். அவர் தன் ராஜாவைப் படுக்க வைத்த அதே நொடியில் அவருடைய பாட்டிலில் அரை டம்ளர் தண்ணீர் குறைந்தது. கண்டக்டரின் பாட்டில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, மடியிலிருந்த டிக்கெட் பை நனைந்தது. தன் தண்ணீரைக் கண்டக்டர் எடுத்துக் குடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். குடித்திருந்தால் என் பாட்டில் ஏன் சார் வழிகிறது என்று கண்டக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான் என்று சுற்றி நின்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். புதன்கிழமை நான்கு மேசைகளில் இதே நடந்தது. வியாழக்கிழமை எல்லா மேசைகளிலும் நடந்தது. அந்த வாரம் ஊரில் வேறு குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை, பஸ் நிலையத்துக் கடிகாரம் நின்றுபோனதைத் தவிர.

மன்றம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. பன்னிரண்டு மேசை, இருபத்து நான்கு உறுப்பினர், மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும்போது முனகும். ரப்பர் வாசனை எல்லோருக்கும் பழகிவிட்டிருந்ததால், வெளியூர் ஆட்டக்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒரு வாசனை இருப்பதே ஞாபகம் வரும். செயலாளராக இருந்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். எதையும் மூன்று பிரதி எடுத்து வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்த விஷயத்தை எப்படிப் பிரதி எடுப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் லேப் அம்மாவிடம் போனார்.

லேப் அம்மா என்று ஊர் அழைத்தவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. தினமும் காலையில் ஊரின் ஏழு குழாய்களிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து, குளோரின் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவாள். ஊர்த் தண்ணீரின் ஜாதகம் அவள் கையில் இருந்தது. மன்றத்தில் அவளும் உறுப்பினர்தான், அதுவும் பல் டாக்டருக்கு அடுத்தபடியான ஆட்டக்காரி. அவள் கணவரும் உறுப்பினர். சீருடை தைக்கும் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். அவரை மன்றத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மனைவியிடம் தோற்பார், மற்ற எல்லோரிடமும் டிரா செய்வார். முதுகுக்குப் பின்னால் டிரா மாஸ்டர் என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ளக்கூடிய ஆள் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவருக்குத் தொண்டை வலிக்கும்.

லேப் அம்மா இருபத்து நான்கு அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே கண்ணாடி மூடி, பக்கத்தில் மில்லிலிட்டர் கோடு. ஒவ்வொன்றிலும் இருநூற்றைம்பது மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, பெயரெழுதிய சீட்டு ஒட்டி, சுவரோரம் அலமாரியில் வரிசையாக வைத்தாள். ஆடும்போது அவரவர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும், முடிந்ததும் அலமாரியில் திருப்பி வைக்க வேண்டும், குடிக்கக் கூடாது. மூன்று மாதம் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து, கனமான அட்டை போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். மொத்தத் தண்ணீர் எப்போதும் ஆறு லிட்டர்தான். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, அந்த வெயிலிலும் ஒரு சொட்டு ஆவியாகவில்லை. நிறைந்த பாட்டில்காரர் குறைந்த பாட்டில்காரரை ஜெயித்தால் சில சொட்டுகள்தான் நகரும், ஏனென்றால் அது எதிர்பார்த்ததுதான். குறைந்தவர் நிறைந்தவரை ஜெயித்துவிட்டாலோ நூறு மில்லிக்கு மேல் பாய்ந்து வரும். டிரா ஆனால் நிறைந்தவர் கொஞ்சம் கொடுப்பார். மூன்றாம் மாதக் கடைசியில் பல் டாக்டரின் பாட்டில் நானூற்று அறுபதில் நின்றது, அவளுடையது நானூற்றுப் பன்னிரண்டில். நேற்றுவரை ஊரில் யார் பெரிய ஆள் என்று வாய்ச்சண்டை போட்டவர்கள், இப்போது அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். தங்களுக்குள் இருப்பது இவ்வளவுதான் என்று கண்ணாடி வழியாகப் பார்ப்பது முதலில் எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் படியேறி வந்து தன் பாட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டு.

கட்டிங் மாஸ்டரின் பாட்டில் மட்டும் இருநூற்றைம்பதிலேயே இருந்தது. ஆள் அப்படித்தானே, பாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். லேப் அம்மாவும் விட்டுவிட்டாள். ஊரார் பாட்டிலை ஒரு மில்லி விடாமல் பார்த்தவள், தன் கணவரின் பக்கத்தைப் புரட்டியே பார்க்கவில்லை. வீட்டு ஆள்தானே என்கிற நினைப்புதான். அந்த மூன்று மாதத்தில் அவரோடு மன்றத்தில் பதினோரு ஆட்டம் ஆடி, ஏழில் ஜெயித்து, நான்கில் டிரா செய்திருந்தாள். ஒருமுறைகூடத் தண்ணீர் நகரவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: கணவன், மனைவி, ஒரே வீட்டுத் தண்ணீர், ஆகவே நகராது. எழுதிய அன்றைக்கு அவளுக்கு அது மிகவும் அறிவியல்பூர்வமாகவே தோன்றியது.

உண்மை வெளியே வந்தது கண்டக்டரால். அவருக்கு நான்கு நாள் லீவு தேவைப்பட்டது. லீவு தர வேண்டிய டிப்போ மேனேஜரும் மன்ற உறுப்பினர், ஆட்டத்தில் அரைகுறை, ஆனால் அதை ஒத்துக்கொள்ளாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்டக்டர் அவரிடம் ராணியைப் பறிகொடுத்து, ஐயோ என்று தலையில் கைவைத்து, அழகாகத் தோற்றார். மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. அலமாரி ஆடுகிறதா என்று செயலாளர் பார்த்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார்கள். மூடியைத் திறந்து மூடினார்கள். கண்டக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டுமென்று தோற்றால் தண்ணீர் போகாது என்று ஊர் தெரிந்துகொண்டது அப்படித்தான். கண்டக்டருக்கு அந்த வருடம் முழுவதும் லீவு கிடைக்கவில்லை. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். லேப் அம்மாவும் சிரித்தாள். படியிறங்கும்போது பாதிப் படியில் அவள் சிரிப்பு நின்றது.

அன்று வீட்டில் அவள் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்தாள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டு மாட்டி, குடிக்க வைத்ததுபோல் ஒன்றை அவர் பக்கமும் ஒன்றைத் தன் பக்கமும் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்துவிட்டுக் காய்களை அடுக்கினார். முப்பத்து நான்கு நகர்த்தலில் அவள் ஜெயித்தாள். நல்ல ஆட்டம்தான், அவளுடைய குதிரை இரண்டு இடத்தில் அருமையாக வேலை செய்தது. அவர் எப்போதும்போல் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, ராஜாவைப் படுக்க வைத்தார். இரண்டு டம்ளரிலும் தண்ணீர் ரப்பர் பேண்டைவிட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. அவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து, முதல் தடவையாக அவருடைய பக்கத்தை ஒழுங்காகப் படித்தாள். மற்றவர்களோடு ஆடியது நாற்பத்தொரு ஆட்டம். நாற்பத்தொன்றும் டிரா. பல் டாக்டரோடு மூன்று டிரா, புத்தகக் கடைக்காரரோடு ஆறு, பள்ளி ஆசிரியையோடு நான்கு. நானூற்று அறுபது உள்ளவரோடு டிரா செய்தபோதும் அவர் பாட்டிலுக்குத் தண்ணீர் வரவில்லை, நூற்று எழுபது உள்ளவரோடு டிரா செய்தபோதும் போகவில்லை. யாரோடும் அவர் மனதார ஆடியிருக்கவில்லை. நினைத்தபோதெல்லாம், யாரோடு வேண்டுமானாலும், சரியாக நடுவில் கொண்டுபோய் நிறுத்த முடிகிற மனிதர் எவ்வளவு தூரம் முன்னே பார்க்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு முடியவில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். மழை, காய்ச்சல், பிரசவம், மாமியார் சாவு இந்த நாட்களைக் கழித்துவிட்டால், மற்ற மாலைகளிலெல்லாம் ஒரு ஆட்டம். அதில் பாதிக்கு மேல் அவள் ஜெயித்தது. சோதனைக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லி மனம் சுருங்கிய நாட்களில்கூட, நான் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை என்று அவள் நிமிர்ந்தது அந்த வெற்றிகளை வைத்துத்தான். இப்போது அவற்றில் எது அவளுடையது, எது அவர் போட்ட பிச்சை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் போன் போட்டு, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். மகள், “அம்மா, அது எனக்கு எட்டாங்கிளாஸ்லயே தெரியும்” என்றாள். ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உனக்கும் தெரியும்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற ஆட்டம் அதுதான்னு நெனச்சேன்” என்றாள்.

போனை வைத்துவிட்டு நேரே கணவரிடம் வந்தாள். அவர் மேசையில் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று மட்டும் கேட்டாள். அவர் எல்லாச் சிப்பாயையும் அடுக்கி முடித்துப் பெட்டியை மூடினார்.

“கல்யாணமான புதுசுல ஒருநாள் பதினாலு நகர்த்தல்ல உன்னை ஜெயிச்சேன்” என்றார். “நீ பலகையைத் தூக்கிப் பரண்மேல வெச்சுட்ட. நாலு மாசம் இறக்கலை. எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும்ல. அந்த நாலு மாசம் இந்த வீட்ல உன் எதிர்ல உட்கார எனக்கு வேற ஒரு சாக்கும் கெடைக்கலை.”

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அப்படி ஒரு நான்கு மாதம் இருந்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை. அவர் மேல் இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மன்றத்தில், எல்லோர் முன்னாலும், பாட்டிலை வைத்துக்கொண்டு நிஜமாக ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்றாள். இல்லையென்றால் இனி இந்த வீட்டில் ஆட்டமே கிடையாது. அவர் மறுத்தார். பத்தொன்பது வருடமாகத் தோற்பதற்கு மட்டுமே யோசித்திருக்கிறேன், ஜெயிக்க இன்னும் வருகிறதா என்றே தெரியாது என்றார். அவள் விட்டேனா பார் என்று நின்றாள். ஆறு மாலைகள் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஏழாவது நாள் அவரே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

விஷயம் அரசல்புரசலாகப் பரவியிருந்ததால் இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். செயலாளர் நகர்த்தல்களை எழுத மூன்று தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டயர் கடைக்கு விடுமுறை. ஒரு மின்விசிறியை, முனகுவதை, நிறுத்தினார்கள். கட்டிங் மாஸ்டர் துணி வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் சாக்பீஸ் கோடு போடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துணியைச் சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு ஒரே போக்கில் நாற்பது சட்டை வெட்டிவிடுவார். அன்றைக்கு மன்றத்தில் அவர் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்கு மேலே நின்றார். இத்தனை வருடம் தலையைக் குனிந்து, தாடையைத் தாங்கி, பெருமூச்சு விட்டு ஆடியதெல்லாம் வெறும் வேஷம் என்று அவளுக்குத் தெரிந்த நொடி அது. வேறு ஒரு ஆள் தன் எதிரே நிற்பதுபோல இருந்தது. அந்த ஆள் முதல் சிப்பாயை நகர்த்தினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி அன்று இருந்தவர்கள் இப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். முதல் பத்து நகர்த்தலில் விசேஷமாக ஒன்றுமே நடக்கவில்லை. அவர் காய்கள் சாதாரணமான இடங்களில், யாரும் வைக்கக்கூடிய இடங்களில் போய் உட்கார்ந்தன. பதினோராவது நகர்த்தலில் அவள் தன் குதிரையைத் தூக்கி, வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். போகக்கூடிய ஆறு கட்டங்களையும் பார்த்தாள். ஆறிலும் அவர் ஏற்கெனவே இருந்தார். அவள் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பாள், அங்கிருந்து எப்படித் தப்பப் பார்ப்பாள், தப்புகிற வழியில் என்ன தவறு செய்வாள் என்று எல்லாவற்றையும் மூன்றாவது நகர்த்தலிலேயே பார்த்து, அதற்கு வேண்டிய இடத்தை அளவாக விட்டு வைத்திருந்தார். அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவர் உலகத்தில் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. கோயிலில் நிற்கிறவள்போல நின்றாள். எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பல் டாக்டர் மட்டும், காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மறுநாள் வரச் சொல்லியிருந்த நோயாளிகளையெல்லாம் புதன்கிழமைக்குத் தள்ளிப்போட்டார். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் கட்டிங் மாஸ்டர், “செக்மேட்” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு தப்பு செய்துவிட்டவர்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு, அவருக்கு இருநூற்றைம்பது. நோட்டுச் சட்டப்படி நூறு மில்லியாவது பாய வேண்டும். எல்லோரும் பாட்டிலையே பார்த்தார்கள். அவள் பாட்டிலில் தண்ணீர் ஒருமுறை நடுங்கியது. அவர் பாட்டிலின் கழுத்திலிருந்து ஒரே ஒரு சொட்டு, நிதானமாக, உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதோடு சரி. கண்டக்டர், இவ்வளவுதானா என்று கேட்டார். அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். ஒரே ஒரு சொட்டு என்றால், இது இப்படித்தான் முடியும் என்பதில் தண்ணீருக்கு இம்மியும் சந்தேகம் இருக்கவில்லை என்று அர்த்தம். நோட்டை எடுத்து, நிறைந்த பாட்டில், குறைந்த பாட்டில் என்று எழுதியிருந்த விதியை அடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பார்த்து நகர்வதில்லை, ஆளைப் பார்த்து நகர்கிறது என்று எழுதினாள். அதற்குக் கீழே, 0.05 மில்லி. பத்தொன்பது வருடத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் நிஜமான கொடுக்கல் வாங்கல் அந்த அளவுதான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அது துக்கம் இல்லை.

அடுத்த வாரங்களில் மன்றத்தில் எல்லோரும் அவரோடு ஆடிப் பார்த்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு சொட்டுக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று பேரை ஜெயித்தும் அவர் பாட்டில் ஒரு மில்லிக்குச் சற்று மேல்தான் ஏறியது. அலமாரியைப் பார்த்தால் பல் டாக்டர்தான் ஊரில் பெரிய ஆள். வருடக் கோப்பையையும் சட்டப்படி அவருக்கே கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் கட்டிங் மாஸ்டர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், விருந்தாளிகள் பார்வை படாத இடத்தில் வைத்தார். செயலாளருக்கு இந்தக் குளறுபடி பொறுக்கவில்லை, ஆனால் மூன்று பிரதியிலும் அதே எண்கள் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

லேப் அம்மாவும் கட்டிங் மாஸ்டரும் ஞாயிறு தோறும் மன்றத்தில் பாட்டிலோடு ஒரு ஆட்டம் ஆடுவது வழக்கமாயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் அவள் தோற்றாள். முதல் வருடம் முழுக்க வாரம் ஒரு சொட்டு. இரண்டாம் வருடத்தில் ஒருநாள் இரண்டு சொட்டு போயிற்று. அவள் தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று அடுத்த வாரம் பூதக்கண்ணாடி கொண்டுவந்தாள். மறுபடியும் இரண்டு சொட்டு. தண்ணீருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்திருந்தது. படியிறங்கி வரும்போது, விடுமுறை என்றாலும் கணக்குப் பார்க்க வந்திருந்த டயர் கடைக்காரர், என்னம்மா ஜெயித்துவிட்டீர்களா, முகம் இப்படி மின்னுகிறதே என்று கேட்டார். “ரெண்டு சொட்டு தோத்துட்டேன் அண்ணே” என்றாள். அவர் வாழ்த்துச் சொன்னார். மூன்றாம் வருடம் ஐந்து சொட்டு. நான்காம் வருடம் அரை மில்லி. மற்ற நாட்களில் பல் டாக்டரையும் புத்தகக் கடைக்காரரையும் ஜெயித்துச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தாள். தோல்வி பெரிதாகப் பெரிதாக அவளுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது என்று கண்டக்டர் சொல்வார். மகள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், ஒவ்வொரு ஞாயிறு மாலையும் போன் செய்து கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்கு எவ்வளவு தோற்றாய் என்பதாகவே இருந்தது. ஐந்தாம் வருடம் அது ஒரு மில்லி ஆனபோது மகள் போனிலேயே கைதட்டினாள்.

கட்டிங் மாஸ்டருக்கும் ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே ஆடியவர் நான்காம் வருடத்தில் உட்கார்ந்தார். அவரை உட்கார வைத்ததை அவள் நோட்டில் தேதியோடு எழுதினாள். பேச்சும் கொஞ்சம் வந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, அந்தப் பதினேழாவது நகர்த்தலில் நீ யானையை எடுத்திருந்தால் என்று ஆரம்பித்து, தெருமுனை வரை பேசிக்கொண்டே வருவார். சில நாட்களில் ஆட்டத்தை விட்டுவிட்டு, கம்பெனியில் வந்த புதுத் துணியைப் பற்றி, தனக்கு வரும் முழங்கால் வலியைப் பற்றி, சின்ன வயதில் ஆற்றில் விட்ட செருப்பைப் பற்றிப் பேசினார். ஆறாம் வருடம் வாரத்துக்கு இரண்டு மில்லி.

ஆறாம் வருடத்தின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு லேப் அம்மா ஜெயித்தாள். அன்றைக்கு மன்றத்தில் இருந்தது நான்கே பேர். செயலாளர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், கண்டக்டர் செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் அவள் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரும்பி வந்தபோதும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. புருவம் கொஞ்சம் மேலே ஏறி, அங்கேயே நின்றது; வீட்டுக்குள் தனக்குத் தெரியாத ஒரு அறை இருப்பதைக் கண்டுபிடித்தவர்போல வாய் லேசாகத் திறந்திருந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவரை ஆயிரக்கணக்கான தடவை தோற்கடித்தவள், அவருடைய தோற்ற முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. பாட்டிலைப் பார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லை.

“இதை நான் பாக்கவே இல்லியே” என்றார் அவர். பிறகு இன்னும் மெதுவாக, “நெஜமாவே பாக்கலை” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள்.

அவர் ராஜாவைப் படுக்க வைத்தார். தண்ணீர் அவர் பாட்டிலிலிருந்து இறங்கி அவளுடையதில் ஏறியது. ஏறிய வேகத்தில் கண்ணாடி மூடி தெறித்துப் போய்ச் செயலாளரின் மடியில் விழ, அவர் விழித்துக்கொண்டு கார்பன் தாளைத் தேடினார். பலகை நனைந்தது, காய்கள் நனைந்தன, இருவர் சட்டைக் கையும் நனைந்தது. கண்டக்டர் குறுக்கெழுத்துத் தாளை எடுத்து மேசையின் ஓரத்தில் வழிந்ததை ஒற்றினார். லேப் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளந்தாள். அவருடையது நானூற்று நாற்பத்தெட்டிலிருந்து முந்நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. அவளுடையது நானூற்று முப்பத்தொன்று இருந்தது. இப்போது ஐந்நூறு, விளிம்புவரை. நகர்ந்தது நூற்றுப் பதினெட்டு, சிந்தியது நாற்பத்தொன்பது. மன்றத்தின் மொத்தத் தண்ணீர் அன்றிலிருந்து ஆறு லிட்டருக்கு நாற்பத்தொன்பது மில்லி குறைவு. அதை யாரும் திரும்ப ஊற்றவில்லை. அவள் எண்களை எழுதி முடிப்பதற்குள் கட்டிங் மாஸ்டர் காய்களை ஒவ்வொன்றாகத் தன் சட்டையிலேயே துடைத்து, மறுபடியும் அடுக்கி, வெள்ளையை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.